ஜவ்வரிசிக் கஞ்சிக்கு உப்பு போட்டது யார்?

எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது வயிற்றால் போகிறது என்று தெரிந்தால் போதும், ஒருவர் தவறாமல் அந்தச் செய்தியை அனுப்பிவிடுவார்: ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் வயிற்றைக் காத்தது ஜவ்வரிசிக் கஞ்சியாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

கஞ்சி மேல் கோபமில்லை. ஆத்தூர்ப் பக்கம் பிறந்தவன் நான். களத்தில் வெள்ளைவெளேரென்று காயும் ஜவ்வரிசியையும் சேகோ ஆலைகளின் புளித்த வாடையையும் கடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரில் அதைப் பரப்பிய விசாகம் திருநாள் மகாராஜா ஆண்டதே 1880 முதல் 1885 வரைதான். சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது 1943-இல். மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரியும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரும் சேர்ந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். ஆக, முன்னோரின் கஞ்சிக்கு வயது எண்பது சொச்சம். குழுவில் போட்டு எல்லார் வாயையும் அடைக்க இது போதும்.

அடைத்தும் இருப்பேன். அதற்குள் சின்ன அம்மாயி குறுக்கே வந்துவிட்டார்.

என் அம்மாயியின் தங்கை அவர். தொண்ணூறைத் தாண்டியவர். காது மந்தம், நாக்கு மட்டும் மந்தமாகவில்லை. என் கண்டுபிடிப்பைக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இல்ல சாமி. ஆலை வாரதுக்கு முன்னாடியே நான் குடிச்சிருக்கேன்" என்றார்.

"எப்ப அம்மாயி?"

"எங்கண்ணன் பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தி. எனக்குப் பேதி ஆகித் துணி மாதிரி கெடந்தேன். எங்கப்பன் செவ்வாப்பேட்டையில வாங்கியாந்து காச்சச் சொன்னாரு."

கிழங்கு மாவாக இருக்கும், ஆரோரூட்டாக இருக்கும், வேறு ஏதோ நொய்யாக இருக்கும் என்று நானும் மடக்கி மடக்கிக் கேட்டேன். அடுத்தடுத்துப் போனபோதும் கேட்டேன். அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. உருண்டை உருண்டையாக இருந்ததாம். வெந்தால் கண்ணாடி மாதிரி ஆகுமாம். "கப்பல்ல வந்த சரக்கு" என்று கடைக்காரர் விலை கூட்டிச் சொன்னாராம். அதோடு, இன்றைய ஜவ்வரிசி அதன் கால்தூசுக்கு ஆகாது என்ற தீர்ப்பும் உண்டு.

கப்பல் என்ற பேச்சு வந்ததும்தான் நான் தேடும் திசை மாறியது. குச்சிக்கிழங்குக்கு முந்தைய ஜவ்வரிசி பனையினத்து மரம் ஒன்றிலிருந்து வந்தது. மலாய்த் தீவுகளின் சதுப்பு நிலத்தில் வளரும் சேகோ மரம், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூப்பதற்காக அது தண்டில் சேர்த்துவைத்த மாவையெல்லாம், பூக்கும் முன்பே மரத்தை வெட்டி மனிதன் எடுத்துக்கொள்கிறான். ஒரு மரத்தில் நூறு கிலோவுக்கு மேல் மாவு கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் சீனர் பட்டறைகள் அதை முத்து முத்தாக உருட்டி உலகத்துக்கே ஏற்றுமதி செய்தன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போக, வரத்து நின்றது. அடுத்த ஆண்டே சேலத்தில் ஆலை. அம்மாயி குடித்தது அசல். எங்கள் ஊர் பிழைப்பதோ அந்த அசல் வராமல் போனதால்.

சரி, ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிக்குச் சீக்காளிக்கு இதைக் கொடுக்கலாம் என்று சொன்னது யார்? "டிஸ்பென்சரி கம்பவுண்டர்" என்றார் அம்மாயி, யோசிக்காமலே.

அந்தக் கம்பவுண்டரைத் தேடித்தான் நான் அதிகம் அலைந்தேன். டிஸ்பென்சரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பழைய ஏடுகள் எங்கே போயின என்று எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் அவரது சைக்கிளையும் மீசையையும் நினைவு வைத்திருந்தார்கள், பெயரை மறந்திருந்தார்கள். அம்மாயிக்கும் அவர் வெறும் கம்பவுண்டர்தான்.

ஆனால் அவர் படித்த பாடம் எங்கிருந்து வந்தது என்று யூகிக்க முடிந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நோயாளியின் தட்டு என்றால் சேகோவும் ஆரோரூட்டும்தான். சர்க்கரை, பால், சில சமயம் ஒயினும் கலந்து கொடுப்பார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியம் பற்றி 1859-இல் எழுதிய நூலில், ஆரோரூட் என்பது மாவும் தண்ணீருமே தவிர வேறில்லை என்று அலுத்துக்கொண்டிருக்கிறார். ஆக, நம் பாட்டி வைத்தியம் வெள்ளைக்காரச் சீக்காளியின் பத்தியம். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. குழுவில் போட இன்னும் காரமான சரக்கு கிடைத்துவிட்டதே!

கடைசியாக ஒரு சோதனை பாக்கியிருந்தது. பினாங்கிலிருந்து வந்த மாமா மகளிடம் சொல்லி சரவாக்கின் அசல் சேகோ வாங்கிவரச் செய்தேன். அதில் ஒரு கஞ்சி, சேலத்து ஜவ்வரிசியில் ஒரு கஞ்சி. எது எதுவென்று சொல்லாமல் அம்மாயி முன் வைத்தேன். முதல் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தார். "உப்பு பத்தல." இரண்டாவதிலும் ஒரு வாய். "இதுலயும் உப்பு பத்தல." அசலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"கம்பவுண்டர் உப்பா போடச் சொன்னாரு?"

"அவரு சக்கரைதான் போடச் சொன்னாரு. எங்கம்மா கேக்கல. உப்பு போட்டு, மோரு ஊத்திக் குடுத்தா."

சரக்கு கப்பலில் வந்தது, சீட்டு டிஸ்பென்சரியில் வந்தது. உப்பு மட்டும் அடுப்படியில் இருந்தவர் போட்டது. குழுவுக்கு எழுதிவைத்திருந்ததை அழித்துவிட்டு உப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

குடல் உப்பைத் தனியாக உறிஞ்சுவதைவிட, குளுக்கோஸோடு சேர்த்துத்தான் நன்றாக உறிஞ்சுகிறது. பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகிறது. இந்தக் கூட்டணியை ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960-இல் விளக்கினார். வங்கதேசப் போரின்போது, 1971-இல், போன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கரைத்துக் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை போன உயிர்கள் நான்குக்கும் கீழே குறைந்தன. சர்க்கரையை அள்ளிப் போட்டால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். மாவோ மெல்ல மெல்லத்தான் குளுக்கோஸாக உடையும். அதனால் டாக்காவில் அரிசி மாவில் உப்புக் கரைசல் செய்து பார்த்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், சிறுகுடலில் செரிக்காத மாவைக் கரைசலோடு கொடுத்தால் காலராப் போக்கு குறைகிறது என்று 2000-இல் வெளியிட்டார்கள். அந்த மாவு பெருங்குடலில் புளித்து, அங்கேயும் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச வைக்கிறது.

அதற்காக ஜவ்வரிசியைத் தலையில் தூக்கிவைக்க வேண்டாம். நைட்டிங்கேல் அலுத்துக்கொண்டது இதற்கும் பொருந்தும். மாவைத் தவிர இதில் அநேகமாக ஒன்றுமில்லை. போக்கு பலமாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான். ரத்தம் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ டாக்டரிடம் ஓட வேண்டும். வயிறு அடங்கியதும் எங்கள் வீட்டு வரிசை இது: முதலில் உப்புக் கஞ்சி, பிறகு பாசிப்பருப்பு சேர்த்த நொய்க் கஞ்சி, இட்லி, குழைந்த மோர்ச் சோறு. கஞ்சியிலேயே நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் உடம்பு தேறாது.

படித்ததையெல்லாம் அம்மாயியிடம் கத்திக் கத்திச் சொன்னேன். கடைசியில், "கம்பவுண்டர் பேச்சைத் தட்டி உங்கம்மா எதுக்கு உப்பு போட்டாங்க?" என்று கேட்டேன். இத்தனை படித்தவன் இதையா கேட்கிறான் என்பதுபோல் பார்த்தார்.

"கஞ்சியில எவனாச்சும் சக்கரை போடுவானா?"