கரிசல்காட்டாரும் கடல் மயக்கமும்

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடல் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். ஆனாலும் உளுந்தும் பருத்தியும் கம்பும் பார்த்து வளர்ந்த எங்களில் பலர் படகேறுவது, தருவைகுளம் பக்கம் தெரிந்தவர் யாராவது தூண்டில் போடக் கூப்பிட்டால்தான். கரை மறைவதற்குள் கொட்டாவி வரும், வாய் ஊறும், நெற்றி குளிர்ந்து வியர்க்கும். அப்புறம் ஓங்கரிப்புதான். "காட்டுக்காரங்களுக்குக் கடல் ஒத்துக்கிடாது" என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

உட்காதிலுள்ள அரைவட்டக் குழல்கள் உடம்பு ஆடுவதை மூளைக்குச் சொல்கின்றன. படகின் பலகையையே பார்த்திருக்கும் கண்ணோ ஆட்டமே இல்லை என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட, வயிறு புரள்கிறது. அந்த உட்காது உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்குக் கடல் மயக்கம் வருவதில்லை. பிறந்த ஊருக்கும் தைரியத்துக்கும் இதில் என்ன வேலை? ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே இந்தத் தொல்லை இருந்தது. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் சுற்றிய டார்வின் கடைசிவரை அவதிப்பட்டார். கடற்கரைப் பையன்களிலும் முதன்முதலில் தொழிலுக்குப் போகையில் வாந்தி எடுப்பவர்கள் உண்டு. போகப் போகப் பழகிவிடும்.

எங்களுக்கும் கடல் அந்நியமில்லை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டிய வ.உ.சிதம்பரனார் ஒட்டப்பிடாரத்துக்காரர், கரிசல் மண்ணில் பிறந்தவர். மழை பொய்த்த வருஷங்களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய குடும்பங்கள் எத்தனையோ. கைக்குழந்தையோடு தட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, குமட்டலைத் தாங்கியபடி கடல் தாண்டிய அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிடும். மாத்திரை இல்லாத காலம் அது.

இப்போது இருக்கிறது. அவோமின் போன்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, படகேறுவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் விழுங்கினால் அதுவும் வெளியே வந்துவிடும். தூக்கம் வரும் என்பதால் திரும்பும்போது வண்டியோட்ட வேறு ஆள் வேண்டும். முந்தின ராத்திரி புரோட்டா சால்னா வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, இரண்டு இட்லி போதும். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது. எனக்கு அதைவிட, டீசல் புகை படாத இடத்தில் படகின் நடுப்பக்கமாக உட்கார்ந்து முகத்தில் காற்று வாங்குவதுதான் உதவியது.

ஓடும் படகைவிட நங்கூரம் போட்டு நிற்கும் படகில்தான் மயக்கம் கூடுதல். குனிந்து தூண்டிலில் இரை கோக்கும்போதே ஆரம்பித்துவிடும். கோக்கும் வேலையைப் பழகியவரிடம் கொடுத்துவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள். ஆடாத கோடு அது ஒன்றுதான். ஐப்பசியில் எந்தப் பக்கம் மேகம் கட்டுகிறது என்று வானத்தின் அடியையே பார்த்துக் கிடக்கும் ஜனங்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

எந்த மாதம் போகிறோம் என்பதும் முக்கியம். ஆடியில் எங்கள் ஊரில் புழுதி கிளப்பி, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று கடலையும் விடாது. அந்த நாட்களில் புதியவர்கள் கரையிலேயே இருப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் வந்தால் கூச்சப்பட்டு அடக்காதீர்கள். படகுக்கார அண்ணாச்சியிடம் உடனே சொல்லுங்கள். காற்று வரும் பக்கம் தலை நீட்டாமல் எதிர்ப்பக்கம் நீட்டுங்கள், விளிம்பில் ஒருவர் உங்களைப் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் குடித்து, கண்ணை மூடிப் படுத்துவிடுங்கள்.