மெரூன் ஸ்வெட்டர்

சென்னையில் குடியிருந்துகொண்டு கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். மே மாதம், ஃபேன் ஐந்தாம் நம்பரில் ஓடுகிறது, மடியில் பாதி ஸ்வெட்டர். “யாருக்கு ஆன்ட்டி இது?” என்று கூரியர் பையன்கூடக் கேட்டுவிட்டான். கனடாவில் இருக்கிற பேரனுக்கு என்றதும்தான் அவனுக்குச் சமாதானம்.

நான் பின்னக் கற்றுக்கொண்டது டில்லியில். 1973-ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். டில்லிக் குளிர் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியும் தெரிந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் மதிய இடைவேளை வந்தால் அலுவலகத்துக்கு வெளியே புல்தரையில் வெயில் காய ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். ஆரஞ்சுத் தோல், வேர்க்கடலைத் தோல், நடுவில் கலர் கலராக நூல் உருண்டைகள். பெண்கள் பேச்சையும் நிறுத்தமாட்டார்கள், கையையும் நிறுத்தமாட்டார்கள். ஊசியைப் பார்க்காமலே பின்னுவார்கள். எங்கள் பிரிவில் இருந்த ஒரு பஞ்சாபி மேடம்தான் எனக்குக் குரு. 1962-ல் சீனச் சண்டையின்போது எல்லையில் இருந்த ஜவான்களுக்காக ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவர் அவர். “இதில் இருப்பதே இரண்டு. ஒன்று சீதா, இன்னொன்று உல்டா. மற்றதெல்லாம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதுதான்” என்று சொல்லி, பத்து நாளில் ஒரு மஃப்ளரைப் பின்ன வைத்துவிட்டார்.

இன்றைக்கும் கண்ணிகளை நான் ஹிந்தியில்தான் எண்ணுகிறேன். வீட்டில் தமிழ், கோவிலில் தமிழ், காய்கறிக்காரரிடம் தமிழ். ஊசியைக் கையில் எடுத்தால் ஏக், தோ, தீன். இந்த வேலைக்குத் தமிழில் எண்ணினால் எனக்குக் கணக்குத் தப்பிவிடும்.

பின்னத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊசிக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசு. பத்தாம் நம்பர் ஊசி மூன்றே கால் மில்லிமீட்டர், பன்னிரண்டாம் நம்பர் இரண்டே முக்கால். இடுப்புப் பட்டையையும் மணிக்கட்டையும் பன்னிரண்டில் பின்னிவிட்டு, உடம்பைப் பத்தில் பின்னவேண்டும். அப்போதுதான் விளிம்பு உடம்போடு பிடித்து நிற்கும். என் கைப் பின்னலுக்கு அங்குலத்துக்கு ஏழு கண்ணி. இன்னொருத்தர் கைக்கு அதே ஊசியில், அதே நூலில் ஆறாக இருக்கலாம். அதனால்தான் புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணிக்கையை அப்படியே நம்பக்கூடாது என்பது. முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பின்னி, ஸ்கேல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பதுதான் முறை.

புடவையோ வேட்டியோ எடுத்துக்கொடுக்க யாரையும் அளக்க வேண்டியதில்லை. ஸ்வெட்டர் அப்படி இல்லை. ஆளைத் தெரிந்திருக்கவேண்டும். என் அண்ணாவுக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்வு. அண்ணிக்குக் கழுத்தில் எதுவும் உரசக்கூடாது. இதையெல்லாம் எழுதிவைக்க என்னிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு பக்கம்: மார்பு, தோள், கை நீளம், எடுத்த வருஷம். பையன் பக்கத்தில் கை நீளம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகும். என் கணவர் பக்கத்தில் 1976-ல் மார்பு 36, 1984-ல் 38, 1995-ல் 41. கடைசியாக எழுதியது 2014-ல். மறுபடியும் 36.

டில்லியில் இருந்தவர்களுக்கு ஸ்வெட்டர். கும்பகோணத்தில் இருந்த அப்பாவுக்கு என்ன பின்னுவது? மங்கி கேப்தான். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மார்கழி விடியற்காலையில் காதை மூடிக்கொள்ள வேண்டுமே! இந்த மங்கி கேப்புக்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்று பெயர். கிரிமியாவில் 1854-ல் சண்டை நடந்த ஒரு ஊரின் பெயர் அது. அங்கே குளிரில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஊரிலிருந்து கம்பளிக் குல்லாய் பின்னி அனுப்பினார்களாம். அதே சண்டையில் குதிரைப் படையை நடத்திக்கொண்டு போன பிரபு பெயர் கார்டிகன். மேலே இருந்த தளபதி பெயர் ராக்லன். முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டருக்குக் கார்டிகன் என்றும், கழுத்திலிருந்தே சாய்வாக இறங்குகிற கைக்கு ராக்லன் என்றும் பெயர் வந்தது இவர்களால்தான். இத்தனை கம்பளியைக் கொடுத்த சண்டை வேறு இருக்குமா தெரியவில்லை.

அப்பாவின் தலைச் சுற்றளவைக் கேட்டுக் கடிதம் போட்டிருந்தேன். அங்குல டேப் வீட்டில் இல்லை. ஒரு சணல் கயிற்றைத் தலையில் சுற்றிப் பார்த்து, அளவாக வெட்டி, கயிற்றையே அனுப்பிவிட்டார். அதுவும் இன்லேண்டில் இல்லை. இன்லேண்டுக்குள் எதையும் வைக்கக்கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அப்பா அதை மீறுகிற ஆள் இல்லை. தனியாகக் கவர் வாங்கி, கூடுதல் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினார். உள்ளே ஒரே ஒரு வரி: “இது தலையெழுத்து இல்லை, தலையளவு.” அந்தக் குல்லாயைப் பற்றி அதற்குப் பிறகு நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுதவில்லை. பதினோரு மார்கழி அதைப் போட்டுக்கொண்டுதான் கோவிலுக்குப் போனார் என்று அம்மா சொல்வாள்.

இனி அந்த மெரூன் ஸ்வெட்டருக்கு வருகிறேன்.

1984-ல் என் கணவருக்குப் பின்னியது. கரோல்பாகில் ஒரு கடையில் லூதியானாவிலிருந்து வந்த நல்ல கம்பளி நூல், அரை கிலோ. பட்டன் வைத்த கார்டிகன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்த நாட்களில் அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவார். 2009-ல் சென்னைக்கு வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தேன். 2015-ல் அவர் போனார். அவருடைய சட்டை, வேட்டியெல்லாம் கொடுத்துவிட்டோம். இதை மட்டும் யாரும் தொடவில்லை.

போன வருஷம் பேரனுக்கு இரண்டு வயது நெருங்கும்போது, அந்த ஸ்வெட்டரைப் பிரித்து அவனுக்குப் பின்னப்போகிறேன் என்று சொன்னேன். பையன் சரி என்றான். பெங்களூரில் இருக்கிற பெண்தான் போனில் அழுதுவிட்டாள். “புது நூல் கடையில் கிடைக்காதா அம்மா? அப்பாவுடையது என்று நமக்கு இருப்பது அது ஒன்றுதான். அதையும் பிரிக்கணுமா?”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. பெட்டியைத் திறந்தால் அவளுக்கு அதில் அப்பா தெரிகிறார். எனக்கு வேறு ஒன்றும் தெரிந்தது. இடது கை ஓரத்தில் மிளகு அளவுக்கு இரண்டு ஓட்டை. பூச்சி அரிக்க ஆரம்பித்துவிட்டது. கம்பளியில் ஒரு இழை அறுந்தால் அடுத்தது கழன்றுகொண்டே போகும். இன்னும் ஐந்து வருஷம் பெட்டியில் இருந்தால் பிரிக்கவும் முடியாது, போடவும் முடியாது. டில்லியில் யாரும் ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. அப்பா ஸ்வெட்டர் பிள்ளைக்கு ஆகும். பிள்ளைக்குச் சின்னதானால் தங்கைக்கு ஸ்லீவ்லெஸ் ஆகும். கடைசியில் குல்லாயும் கையுறையுமாகும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கம்பளியை அப்படித்தான் பார்த்தார்கள். இதை அவளிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளே கூப்பிட்டு, “பட்டன் ஆறையும் எனக்கு அனுப்பிவிடு” என்றாள். அனுப்பிவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

பிரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் பக்கத் தையல்களை மட்டும் வெட்டி, முன்பக்கம், பின்பக்கம், கைகள் என்று தனித்தனியாக எடுக்கவேண்டும். எங்கே முடித்தோமோ அங்கேயிருந்துதான் பிரியும். இடுப்பில் ஆரம்பித்துக் கழுத்தில் முடித்ததால், இப்போது கழுத்தில் ஆரம்பித்து இடுப்புக்குப் போகவேண்டும். அதாவது அந்த 1984 குளிர்காலம் எனக்குப் பின்னாலிருந்து முன்னாலாக வந்தது. தோளுக்குக் கீழே ஒரு நாலு அங்குலம் பின்னல் மற்ற இடத்தைவிட இறுக்கம். கை நடுங்கினால், மனசு சரியில்லாவிட்டால் நூலை இழுத்துப் பிடித்துவிடுவோம். அது அந்த நவம்பர் முதல் வாரமாகத்தான் இருக்கவேண்டும். ஊர் எரிந்துகொண்டிருந்தது, எங்கள் மாடியில் இருந்த சீக்கியக் குடும்பம் வெளியே தலைகாட்டாமல் இருந்தது, இவர் ராத்திரியெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே பின்னிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வரிசைகளைப் பிரிக்க மட்டும் ஒரு முழுச் சாயங்காலம் ஆயிற்று.

வலது முழங்கை இடம் உள்ளே விரல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. மேஜையில் கையூன்றி எழுதியவர் அல்லவா. அந்தப் பகுதி நூல் தொட்டாலே அறுந்தது, ஒதுக்கிவிட்டேன்.

பிரித்த நூல் சுருள் சுருளாக, நூடுல்ஸ் மாதிரி இருக்கும். அப்படியே பின்னக்கூடாது. நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து, அடியில் லேசான பாரம் தொங்கவிட்டு நிழலில் காயப்போட்டால் சுருள் போய் நேராகிவிடும். காய்ந்த பிறகு சமையலறைத் தராசில் போட்டேன். 380 கிராம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு 170 போதும்.

மருமகளிடம் அளவு கேட்டேன். டேப்பைப் போனில் காட்டியே எடுத்துச் சொன்னாள். மார்பு 21 அங்குலம். உள்ளே ஒரு சட்டை, கொஞ்சம் தாராளம், எல்லாம் சேர்த்து 24. பக்கத்துக்கு 84 கண்ணி. சின்னக் குழந்தைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. கழுத்து குறுகலாக இருந்தால் மாட்டும்போது வீடு இரண்டாகும். அதனால் ஒரு தோளில் திறப்பு விட்டு, பட்டன் வைத்தேன். மூன்று பட்டன் வேண்டும். கடையில் மெரூனில் கிடைத்ததெல்லாம் பிளாஸ்டிக்கில் பளபளவென்று இருந்தது. பெண்ணுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “மூன்று தருகிறேன். மூன்று என்னிடம்தான் இருக்கும்” என்றாள். ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது, பஞ்சில் சுற்றி, நகை மாதிரி.

“மெஷினில் போடலாமா அம்மா?” என்று மருமகள் கேட்டாள். நல்ல வேளை, கேட்டாள். கம்பளி இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூட்டிலும் சுழற்சியிலும் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் ஆகும். வாளியில் ஆறின தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பூ, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கவைத்துக் காயவைக்கவேண்டும். எழுதிப் பார்சலுக்குள் வைத்தேன். சுவரில் ஒட்டியிருக்கிறாளாம்.

ஜனவரியில் போட்டோ வந்தது. பனியில் நிற்கிறான், ஜிப் போட்ட பெரிய கோட்டுக்கு நடுவில் மெரூன் தெரிகிறது. பெண்ணுக்கும் பையன் அனுப்பியிருக்கிறான். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் போட்டோவைத் தன் போன் முகப்பில் வைத்திருப்பதைப் பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

கையை ஒரு அங்குலம் நீளமாகத்தான் பின்னியிருந்தேன், மடித்துவிட்டிருக்கிறார்கள். அடுத்த குளிருக்கு அது சரியாக இருக்கும். அதற்கடுத்த குளிருக்குப் போதாது. மணிக்கட்டில் கண்ணிகளை எடுத்து இரண்டு அங்குலம் நீட்டிவிடலாம். அதற்கென்று 60 கிராம் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். மீதியில் இப்போது பேரனுக்கு ஒரு மங்கி கேப் ஊசியில் ஏறியிருக்கிறது. தலைச் சுற்றளவு பத்தொன்பதரை அங்குலம். டைரியில் அவன் பக்கத்தில் எழுதியாகிவிட்டது.