தம்பியின் இரண்டாவது குரல்

1994-ல் ஒரு நாள், சாத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. தம்பி ரேடியோவில் பேசுவது 7.08 மெகாஹெர்ட்ஸில் மட்டுமல்ல, 14.16-லும் கேட்கிறதென்று பெங்களூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். தம்பியின் முகம் சுண்டிப் போயிற்று. ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"போலீஸ் வருமாடா?" என்றாள் அம்மா.

"லைசென்ஸைப் பிடுங்கினாலும் பிடுங்குவார்கள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரே வாய்க்கு இரண்டு குரலா?

அவன்தான் விளக்கினான். டிரான்ஸ்மிட்டர் அலையைப் பெருக்கும்போது, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அலைகளும் கூடவே பிறந்துவிடுமாம். பழைய செட்டில் ஒவ்வொரு பட்டைக்கும் திருகி ட்யூன் செய்வார்கள். அதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். இவன் கட்டியதோ 'வைட்பேண்ட்'. எதையும் திருக வேண்டாம், எல்லாப் பட்டையிலும் வேலை செய்யும். சௌகரியம்தான்! வேண்டாததையும் சேர்த்தல்லவா அனுப்பிவிடுகிறது?

"மாவு அரைத்தால் சலிக்க வேண்டாமா?" என்றேன்.

"அதேதான், அக்கா!"

பழைய பேனாக் கூட்டில் தாமிரக் கம்பி சுற்றினான். (நிப்புக்குப் பேர்போன ஊரில் பேனாவுக்கா பஞ்சம்?) மூன்று சுருள், நான்கு கபாசிட்டர். தாழ்ந்த அலை போகும், உயர்ந்தது தடுக்கப்படும். பட்டைக்கு ஒரு சல்லடை. அவனுடைய 10 வாட் செட்டுக்கு, இன்றைய சர்வதேச விதிப்படி, உதிரி அலை லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை 7.08-ல் கூப்பிட்டான். பெங்களூர்க்காரர் 14.16-ஐத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அங்கே சத்தமே இல்லை, தம்பி!"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்போ போலீஸ் வராதில்லே?"