மூச்சுக்கு மீட்டர்

அண்ணனின் பழைய டீசல் வேன் புகைச் சோதனையில் தேறவில்லை. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. தேறாவிட்டால் ஓட்ட முடியாது. அண்ணனுக்கு அதுதான் சோறு.

பட்டறைக்காரர் முதலில் கேட்டது, "என்னா கலர்ல பொக வருது?" நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளை என்றால் உள்ளே தண்ணீர் கசியலாம். கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. எங்களுடையது கறுப்பு. ஏர் ஃபில்டரைத் தட்டினார். தோட்டத்துச் சாலைப் புழுதி கொட்டியது. புதிது போட்டதும் புகை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தபோது ஒன்று டீசலைத் தூவாமல் சொட்டியது. அதையும் மாற்றிய பிறகு வேன் தேறியது.

"வண்டி மூச்சுக்கெல்லாம் மீட்டர் வச்சிருக்கானுங்க," என்றார் அம்மா. இருபது வருஷம் தோட்டத்தில் மருந்தடித்தவர். அதில் பாராகுவாட்டும் உண்டு. அந்தக் களைக்கொல்லியை மலேசியா 2020இல்தான் முழுமையாகத் தடை செய்தது. அத்தனை வருஷத்தில் அவருடைய நுரையீரலை ஒருவரும் சோதித்ததில்லை. இப்போது நாலு படி ஏறினால் நின்று நின்றுதான் வருகிறார்.