முருங்கை இலையும் என் அவசரமும்



"சார், புளிக்க வைத்த முருங்கை இலையைப் பிராய்லர் கோழிக்குக் கொடுத்தால் மருந்தே வேண்டாமாமே?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். என் அனுபவத்தையே எழுதிவிடுகிறேன். இதில் நான் வாங்கிய குட்டும் உண்டு.

தம்பி மகன் பல்லடம் பக்கம் சொந்தமாக 200 குஞ்சு விட்டிருந்தான். கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே நிறுத்திவிட்டது. நம் நாட்டிலும் 2019-இல் கொலிஸ்டின் மருந்தைக் கோழிக்குக் கொடுக்கத் தடை வந்தது. அதையெல்லாம் சொல்லி, "இலையில் செய்து பார்ப்போமடா" என்று கிளப்பிவிட்டவன் நான்தான்.

முருங்கை இலையை நிழலில் வாட்டி, வெல்லத் தண்ணீரும் கொஞ்சம் தயிரும் தெளித்து, டிரம்மில் காற்றுப் புகாமல் அமுக்கி மூடினோம். வகுப்பில் இட்லி மாவுக்குச் சொன்ன அதே பாடம்தான். லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். புளிப்பில் அழுகல் கிருமி வளராது. இலையில் செரிமானத்தைக் கெடுக்கும் சில பொருள்களும் குறையும். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் ஊறுகாய் போல வாசம். பூசணமோ நாற்றமோ இருந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

100 குஞ்சுக்கு வழக்கமான தீவனம். மற்ற 100-க்கு முதல் வாரத்திலிருந்தே நூற்றுக்குப் பத்துப் பங்கு இலை. "அவ்வளவு வேண்டாமுங்க பெரியப்பா" என்றான். நான் கேட்கவில்லை. நாற்பதாம் நாள் எடை போட்டோம். வழக்கமான பக்கம் சராசரி 2 கிலோ 100 கிராம். இலைப் பக்கம் 1 கிலோ 850. மொத்தம் 25 கிலோ நஷ்டம், அவன் பணம்.

காரணம் எளிது. கோழிக்கு மாட்டைப் போல நார்ச்சத்தைச் செரிக்கும் வயிறு இல்லை. ஈர இலையில் பெரும்பங்கு தண்ணீர். இலை வயிற்றை அடைத்தது. மக்காச்சோளமும் சோயாவும் உள்ளே போகவில்லை. முப்பது வருடம் உணவுச் செரிமானம் நடத்தியவன் இதை மறந்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க பெரியப்பா, அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்" என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த முறை, புளித்த இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மூன்றாம் வாரத்திலிருந்து நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் சேர்த்தோம். இரு பக்கமும் எடை ஏறக்குறைய ஒன்று. நஷ்டமில்லை, அதிசயமும் இல்லை. நூறு கோழியை வைத்து நோய் வராது என்று சொல்லவும் முடியாது.

ஆகவே மூன்று வார்த்தை. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை இலையை நம்பி விட்டுவிடாதீர்கள். சூபாபுல் இலையைத் தொடாதீர்கள்; அதிலுள்ள மைமோசின் கோழிக்கு நஞ்சு. கம்பெனிக்கு வளர்ப்பவர்கள் தீவனத்தில் எதையும் கலக்கும் முன் அவர்களுடைய டாக்டரைக் கேளுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். பத்துக் கோழியைத் தனியாக விட்டு, தராசை நம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்