முடிச்சாத்தான் பேசலாம்

எனக்கு வேலை தரவுகளோடு. கடைகளின் விற்பனைக் கணக்கை ராத்திரியோடு ராத்திரியாக எடுத்து, சுத்தம் செய்து, அறிக்கை அட்டவணையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்று படிகள். அஷூர் டேட்டா ஃபேக்டரியில் படிகளை அம்புக்குறியால் இணைப்போம். ஒவ்வோர் அம்புக்கும் ஒரு நிபந்தனை உண்டு: முந்தைய படி வெற்றி பெற்றால், தோற்றால், எப்படியோ முடிந்தால், ஓடாமலே விடப்பட்டால். இந்த நான்குதான்.

தப்பு நடந்தால் மெயில் வரட்டும் என்று, மூன்று படிகளிலிருந்தும் 'தோற்றால்' அம்பை ஒரே மெயில் படிக்கு இழுத்து வைத்தேன். எது தோற்றாலும் மெயில் வரும் என்பது என் கணக்கு. ஒரு ராத்திரி முதல் படியே தோற்றது. மெயில் வரவில்லை. காலையில் மேனேஜர், "ஏன் நேத்து நம்பரே இருக்கு?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

காரணம் எளிது. பல படிகளிலிருந்து ஒரு படிக்கு அம்பு வந்தால், எல்லா நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும். முதல் படி தோற்றதும் மற்ற இரண்டும் ஓடவே இல்லை. ஓடாதது தோல்விக் கணக்கில் வராது; 'விடப்பட்டது' என்றுதான் பதிவாகும். அதனால் மெயிலும் விடப்பட்டது. பிறகு கடைசிப் படியை மட்டும் மெயிலோடு இணைத்து, 'தோற்றால்', 'விடப்பட்டால்' இரண்டையும் குறித்தேன். ஒரே படியைப் பற்றிய நிபந்தனைகள் என்றால் ஏதாவது ஒன்று போதும்.

அந்த வாரக் கடைசியில் மகளிடம் வழக்கம்போலச் சொன்னேன்: "தமிழ் ஹோம்வொர்க் முடிச்சாத்தான் பாட்டிகூடப் பேசலாம்." சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். இதுவும் நான் இழுத்த அம்புதானே?

பாட்டியைக் காட்டி நாலு வரி எழுத வைக்கலாம் என்று போட்ட நிபந்தனை அது. மூன்று வாரமாக அவள் முடிக்கவில்லை. மூன்று வாரமாகப் போனும் இல்லை. திருச்சியில் அம்மா ஞாயிறு ராத்திரி போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் பேசவில்லை என்று ஒரு செய்திகூட அவளுக்குப் போகவில்லை. அவளாகவும் கேட்கவில்லை, நமக்கு வேலை இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

நிபந்தனையை மாற்றிவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணிவரை ஹோம்வொர்க். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பத்து மணிக்குப் போன். இப்போதெல்லாம் வீட்டில் எதற்கு நிபந்தனை போட்டாலும் ஒன்று யோசிக்கிறேன்: முந்தையது நடக்காவிட்டால் இதுவும் நின்றுபோகலாமா? டிவி நிற்கலாம். ஐஸ்கிரீம் நிற்கலாம்.

ஹோம்வொர்க் இன்னும் பாதி நாள் அரைகுறைதான். முதல் ஞாயிறு மகள் தானாகவே பாட்டியிடம் ஒப்புக்கொண்டாள், "நான் முடிக்கல பாட்டி, அதான் பேசல."

அம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "ஏண்டி, அவ எழுதலைன்னா எனக்கு எதுக்குடி தண்டனை?"