தண்ணியை இறக்குமதி பண்ணின கதை

பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு ரெசினைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க மக்களே. போன லீவு வரைக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாது. காசு போனா எல்லாம் தெரிஞ்சிடும்.

மாமாவுக்குத் திருப்பூர்ல தொழில். சாயப்பட்டறைகளுக்கு சாஃப்ட்னர் போட்டுக் கொடுக்கிறார். போர் தண்ணியில கால்சியமும் மெக்னீசியமும் இருந்தா சாயம் ஒழுங்கா ஏறாது, துணி திட்டுத்திட்டா வரும். அதனால ரெசின் நிரப்பின தொட்டி வழியா தண்ணியை விடுவாங்க. ரெசின்னா கடுகு சைஸைவிடச் சின்னச் சின்ன மணிகள். கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு அதுக்குப் பதிலா சோடியத்தைக் கொடுக்கும். (அசல் பண்டமாற்று. அக்கவுண்ட்ஸ் வாத்தியார் கேட்டா சந்தோஷப்படுவார்.) பிடிச்சுப் பிடிச்சு நிரம்பினதும் உப்புக் கரைசல் விட்டா மறுபடி ரெடி.

மாமாவும் தொழில்ல இருக்கிற இன்னும் மூணு பேரும் சேர்ந்து முதல் தடவையா சீனாவுல இருந்து நேரடியா ரெசின் வரவழைக்க முடிவு பண்ணினாங்க. ரெண்டு கொட்டேஷன் வந்துச்சு. ரெண்டும் டாலர்ல, டன் கணக்குல, தூத்துக்குடி துறைமுகம் வரைக்கும் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்த்து. "மாப்ள, நீதான காமர்ஸ். எது லாபம்னு பாரு"ன்னார் மாமா.

எக்ஸெல்ல டேபிள் போட்டேன். டாலர் ரேட், சுங்கவரி, லாரி வாடகை எல்லாம் பக்காவா போட்டாச்சு. ரெண்டாவது ஆளோடது டன்னுக்கு 8 சதவீதம் மலிவு. தாள்ல 'ஈரப்பதம்'னு ஒரு வரி இருந்துச்சு. ஒருத்தர் 45 சதவீதம், இன்னொருத்தர் 52. அது கெமிஸ்ட்ரி சமாச்சாரம்னு அந்த வரியை டேபிள்ல சேர்க்கவே இல்லை.

விஷயமே அங்கதான் இருந்திருக்கு. ரெசினை ஈரமாத்தான் அனுப்புவாங்க. முழுசா காஞ்ச மணியில திடீர்னு தண்ணி பட்டா உப்பி வெடிச்சிடும். அதனால நாம வாங்குற எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணி. சுங்கத்துறையில இதுக்குத் தலைப்பு எண் 3914, அங்கயும் கணக்கு கிலோவுலதான். அந்தக் கிலோவுல எவ்வளவு ரெசின், எவ்வளவு தண்ணின்னு எண் சொல்லாது.

இப்போ கணக்கைப் பாருங்க. 45 சதவீதம்னா 1 டன்ல 550 கிலோ சரக்கு. 52 சதவீதம்னா 480 கிலோ. 8 சதவீதம் மலிவுன்னு நான் குதிச்சது, சரக்குக் கணக்குல பார்த்தா 5 சதவீதத்துக்கு மேல விலை ஜாஸ்தி! கப்பல் வாடகை கொடுத்துத் தண்ணியை இறக்குமதி பண்ணியிருக்கோம். அதுவும் தண்ணிக் கஷ்டம் இருக்கிற ஊருக்கு.

நஷ்டம் அதோட முடியலை. தொட்டி அதே தொட்டி, ஆனா ஒரு லிட்டர் ரெசின் பிடிக்கிற கால்சியம் கம்மி. ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடுற சாஃப்ட்னர் பாதியிலேயே கடினத்தண்ணியை விட ஆரம்பிச்சிடுச்சு. பட்டறைக்காரர் போன் பண்ணி, "ஏனுங்க, பத்து வருசமா உங்ககிட்டதானுங்க வாங்கறேன்"னார். அவ்வளவுதான் சொன்னார். மாமா ரொம்ப நேரம் போனைக் கையிலயே வெச்சிருந்தார்.

அனுப்பினவங்களைத் திட்டவும் வழியில்லை. 52ன்னு தெளிவா எழுதித்தான் கொடுத்திருக்காங்க. இருந்தும் மனசு ஆறாம, கெமிஸ்ட்ரி படிக்கிற நண்பன்கிட்ட 10 கிராம் கொடுத்து அவன்ல காயவைக்கச் சொன்னேன். 4.8 கிராம்னான். நேர்மையான பார்ட்டி!

மாமா என்னைத் திட்டலை. அதுதான் தாங்க முடியலை. அந்தப் பட்டறைக்கு மட்டும் தன் கைக்காசுல பழைய ரகத்தையே வாங்கிப் போட்டுக் கொடுத்தார். மத்த இடத்துல உப்பு அடிக்கடி விட வேண்டியிருக்கு. அந்த உப்பும் தூத்துக்குடியில இருந்துதான் வருது.

போன வாரம் இன்னொரு கொட்டேஷனை எனக்கே அனுப்பியிருக்கார். இதுல ஈரப்பதமே போடலை. கேட்டு மெயில் போட்டிருக்கேன், பதில் இன்னும் வரலை.